கொலையாளி யாரென்று ஏஜென்ட்டிடம் மறைக்காதீர்கள்

தமிழில் துப்பறியும் கதை எழுதுகிறவர்களுக்கு ஏஜென்ட், அதாவது எழுத்தாளர் சார்பில் பதிப்பகத்தோடு பேசிக் கதையை விற்றுத் தருகிறவர், பெரும்பாலும் தேவைப்பட்டதில்லை. பத்திரிகைக்கோ மாத நாவலுக்கோ நேராக அனுப்புவார்கள், பதிப்பாளரும் நேராகவே பேசுவார். பெங்களூர்த் தமிழர்கள் கதை வேறு. வீட்டில் தமிழும் வெளியே கன்னடமும் பேசிவிட்டு நாவலை இங்கிலீஷில் எழுதுகிறவர்கள் இங்கே நிறைய. தமிழில் எழுதி மொழிபெயர்ப்போடு வருகிறவர்களும் உண்டு. டெல்லிப் பக்கம் இருக்கும் பெரிய இங்கிலீஷ் பதிப்பகங்களின் கதவைத் தட்ட ஏஜென்ட் இருந்தால் நல்லது. அந்த ஏஜென்ட்டைப் பிடிப்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

பெரிய சறுக்கல் ஏஜென்ட்டுக்கு அனுப்பும் கதைச்சுருக்கத்தில். அல்சூரில் இருக்கும் ஒரு தம்பி தன்னுடையதைக் காட்டினார். மல்லேஸ்வரத்து அப்பார்ட்மென்ட்டில் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் இறந்து கிடக்கிறார், கதவு உள்பக்கம் தாழிட்டிருக்கிறது, மூன்று பேர் மேல் சந்தேகம். கடைசி வரி: “கொலையாளி யார்? நாவலைப் படியுங்கள்!”

“சொல்லிட்டா அப்புறம் என்னண்ணா சஸ்பென்ஸ்?” என்றார்.

சஸ்பென்ஸ் வாசகருக்கு. ஏஜென்ட் அந்தக் கதையை விற்கப் போகிறவர். முடிச்சு ஒழுங்காக அவிழ்கிறதா என்று தெரியாமல் அவர் யாரிடம் போய் என்ன பேசுவார்? ஆகவே இப்படி மாற்றினோம்: ‘மருமகன் பெரியவரின் மாத்திரை டப்பாவில் திங்கள், செவ்வாய் இரண்டு கட்டத்திலும் விஷ மாத்திரையை மாற்றி வைத்துவிடுகிறான். திங்கள் இரவு மாத்திரை போட்டுக்கொண்ட பெரியவர், தானே தாழ்ப்பாள் போட்டுப் படுக்கிறார். மறுநாள் கதவை உடைக்கும் கூட்டத்தோடு மருமகனும் உள்ளே போய் மிச்ச மாத்திரையை எடுத்துவிடுகிறான். திங்கள் இரவே இறந்தவரின் டப்பாவில் செவ்வாய்க் கட்டமும் காலியாக இருப்பது இரண்டாம் அத்தியாயத்திலேயே வருகிறது.’ இதில் கொலையாளி, வழி, துப்பு மூன்றும் இருக்கின்றன. கொலையாளி ஆரம்பத்திலேயே கதைக்குள் வந்திருக்க வேண்டும், துப்பறிகிறவர் கண்ணில் படும் துப்பு உடனே வாசகர் கண்ணிலும் பட வேண்டும் என்று ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் 1929-லேயே விதி போட்டுவிட்டார். ஏஜென்ட்டும் அதைத்தான் தேடுவார்.

கூட அனுப்பும் கடிதத்தில் மட்டும் முடிவைச் சொல்ல வேண்டாம். அது ஒரு பக்கம் போதும்: தலைப்பு, என்ன வகைக் கதை, எத்தனை வார்த்தை, யார் செத்தார், யார் துப்பறிகிறார், தோற்றால் அவருக்கு என்ன நஷ்டம், நீங்கள் யார். ‘வீட்டில் எல்லோரும் பாராட்டினார்கள்’ என்று எழுதுவதால் எந்தப் பயனும் இல்லை. ‘காப்புரிமை பதிவு செய்யப்பட்டது’ என்று மிரட்டுவதும் அப்படித்தான். 1957 காப்புரிமைச் சட்டப்படி எழுதியதுமே உரிமை உங்களுடையது, பதிவு கட்டாயமில்லை. நீளம் சுமார் 70,000 முதல் 90,000 வார்த்தை. 1,80,000 என்று பார்த்தாலே பலர் மேலே படிக்க மாட்டார்கள். பாதி எழுதிய நாவலையும் அனுப்பாதீர்கள். மர்மக் கதையை முடிவை வைத்துத்தான் எடை போடுவார்கள்.

முதல் மூன்று அத்தியாயம் கேட்டால் அந்த மூன்றைத்தான் அனுப்ப வேண்டும், ‘நன்றாக வந்திருக்கும்’ பதினேழாவதை அல்ல. பெங்களூரில் நடக்கும் கதையை வெளிநாட்டு சீரியல் பார்த்து எழுதினால் அந்தப் பக்கங்களிலேயே மாட்டிக்கொள்வீர்கள். அப்படிப்பட்ட கதையில் மடிவாளா தடய ஆய்வகத்திலிருந்து மறுநாள் காலையே ரிப்போர்ட் வரும். கொலை வழக்கில் நம் ஊரில் இல்லாத ஜூரி சிட்டி சிவில் அண்ட் செஷன்ஸ் கோர்ட்டில் உட்கார்ந்திருக்கும்! கொலையாளி இன்ஸ்பெக்டரிடம் ஒப்புக்கொண்டதோடு வழக்கு முடிந்துவிடும். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க நம் சட்டம் விடாது. அதைக் கதைக்குள் கொண்டுவந்தாலே நல்ல திருப்பம் கிடைக்கும், எழுதுகிறவர்கள் அதை ஏன் தவறவிடுகிறார்களோ தெரியவில்லை. இன்னொன்று: 2024 ஜூலை 1 முதல் நடந்த கொலைக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் ‘302’ பிரிவைப் போடாதீர்கள். அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 103.

யாருக்கு அனுப்புவது? அவர் மர்மக் கதை எடுக்கிறாரா என்று முதலில் பாருங்கள். ஒரே மெயிலில் இருபது பேர் முகவரியைப் போட்டு அனுப்பினால் இருபது பேரும் அதைப் பார்ப்பார்கள். ஐந்தாறு பேருக்குத் தனித்தனியாக அனுப்பலாம், தப்பில்லை. ஒருவர் சரி என்றால் மற்றவர்களுக்கு உடனே சொல்லிவிட வேண்டும். பதில் வர இரண்டு மூன்று மாதம் ஆகலாம். நான்காம் நாளே போன் செய்யாதீர்கள்.

படித்துப் பார்க்கவே பணம் கேட்கிறவரிடம் போகவே வேண்டாம். ஏஜென்ட்டின் சம்பாத்தியம் உங்கள் வருமானத்தில் கமிஷன்தான்: உள்நாட்டில் பெரும்பாலும் 15 சதவீதம், வெளிநாட்டு உரிமைக்கு 20 சதவீதம் வரை. ஏஜென்ட் கிடைத்த சந்தோஷத்தில் பதிப்பக ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். ‘எல்லா உரிமையும், எல்லாக் காலத்துக்கும், உலகம் முழுக்க’ என்று அச்சிட்டிருந்தால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. தமிழ் மொழிபெயர்ப்பு, சினிமா, ஓடிடி மூன்றையும் தனித்தனி வரியாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். அதைக் கேட்டு வாங்கித் தரத்தான் ஏஜென்ட்டுக்கு அந்த 15 சதவீதம்.