சால்வேஜ் டைட்டில் ஸ்போர்ட்ஸ் கார்: விலையில் மயங்கிச் செய்யும் தவறுகள்

அமெரிக்காவில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் தேட ஆரம்பித்தால் சீக்கிரமே இப்படி ஒரு விளம்பரம் கண்ணில் படும். மற்ற இடங்களில் 30,000 டாலர் கேட்கும் கார்வெட் இங்கே மட்டும் 20,000. படத்தில் ஒரு கீறல்கூட இல்லை. கடைசி வரியில்தான் ‘ரீபில்ட் டைட்டில்’ என்று போட்டிருக்கும். அதைப் பார்த்ததும் சிலர் பதறி விலகிவிடுகிறார்கள். சிலர் 10,000 டாலர் லாபம் என்று அட்வான்ஸை நீட்டிவிடுகிறார்கள். இரண்டு பேருமே அவசரப்படுகிறார்கள். அந்தக் காருக்கு என்ன ஆனது, அதை யார் எப்படிச் சரிசெய்தார்கள் என்று தெரிந்த பிறகுதான் விலையைப் பற்றிப் பேசவே வேண்டும்.

டைட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்று ஊன்றிப் படிக்காதது

விபத்து, வெள்ளம், திருட்டு எதுவானாலும், சரிசெய்வது கட்டுப்படியாகாது என்று இன்சூரன்ஸ் கம்பெனி முடிவுசெய்தால் காரை ‘டோட்டல் லாஸ்’ என்று அறிவித்து, உரிமையாளருக்குப் பணத்தைக் கொடுத்துக் காரை எடுத்துக்கொள்ளும். அப்போது அந்தக் காரின் பத்திரம் சால்வேஜ் டைட்டில் ஆகிறது. அந்த நிலையில் அதைப் பதிவுசெய்து சாலையில் ஓட்ட முடியாது. பழுது பார்த்து, மாநிலப் பரிசோதனையில் தேறினால் ரீபில்ட் டைட்டில் கிடைக்கும். கலிஃபோர்னியாவில் இதையே ‘ரிவைவ்டு சால்வேஜ்’ என்பார்கள். இன்னும் சால்வேஜ் நிலையிலேயே இருக்கும் காரை வாங்கினால் அந்தப் பரிசோதனையும் அதற்கான அலைச்சலும் உங்கள் தலையில்தான். ‘நான்ரிப்பேரபிள்’ என்றோ, ஃப்ளோரிடா தரும் ‘சர்ட்டிஃபிகேட் ஆஃப் டெஸ்ட்ரக்‌ஷன்’ என்றோ இருந்தால் அது காயலான் கடைக்குப் போக வேண்டிய வண்டி. பாகங்களுக்காக மட்டும் வாங்கலாம்.

இந்த முத்திரை விழும் அளவுகோல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நியூயார்க்கில் பழுதுச் செலவு காரின் மதிப்பில் 75 சதவீதத்தை எட்டினால் சால்வேஜ், ஃப்ளோரிடாவில் 80, டெக்சாஸில் 100. கலிஃபோர்னியாவில் பழுதுச் செலவோடு, அடிபட்ட நிலையில் கார் விற்கும் விலையையும் கூட்டிப் பார்ப்பார்கள். 30,000 டாலர் காருக்குப் பழுதுச் செலவு 19,000, அடிபட்ட நிலையில் ஏலத்தில் 12,000 போகும் என்று வையுங்கள். கூட்டினால் 31,000. கலிஃபோர்னியாவில் இது டோட்டல் லாஸ். டெக்சாஸில் இதே அடிக்குச் சால்வேஜ் முத்திரை கட்டாயமில்லை. ஆகவே ‘கிளீன் டைட்டில்’ என்று எழுதியிருப்பதாலேயே ஒரு கார் அடிபடாதது ஆகிவிடாது.

மாநிலப் பரிசோதனையில் தேறிவிட்டதே என்று நிம்மதி அடைவதும் தவறுதான். நியூயார்க்கில் நடக்கும் சால்வேஜ் பரிசோதனை முக்கியமாக, திருட்டுப் பாகங்கள் போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பதற்கு. வெல்டிங் உறுதியாக இருக்கிறதா, ஏர்பேக் வேலை செய்யுமா என்று சோதித்துச் சான்று தருவது அதன் வேலை அல்ல. பல மாநிலங்களில் கதை இதுதான்.

பழுதுக்கு முந்தைய படம் இல்லாமல் வாங்குவது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். சரிசெய்து பெயின்ட் அடித்து முடித்த காரைப் பார்த்து அடியின் ஆழத்தைக் கண்டுபிடிக்க, கைதேர்ந்த மெக்கானிக்கே திணறுவார். அடிபட்ட அன்றைய படம் பத்து நொடியில் சொல்லிவிடும்.

அந்தப் படம் பெரும்பாலும் எங்கோ இருக்கும். இன்சூரன்ஸ் கம்பெனிகள் இந்தக் கார்களை கோபார்ட், ஐஏஏ போன்ற ஏல நிறுவனங்கள் வழியாக விற்கின்றன. ஏலப் பட்டியலில் படங்களோடு, முதன்மைச் சேதம் எங்கே, இரண்டாவது சேதம் எங்கே என்ற குறிப்பும் இருக்கும். காரின் அடையாள எண்ணான 17 எழுத்து வின் நம்பரைத் தேடுபொறியில் போட்டால் பழைய ஏலப் படங்கள் பல சமயம் அகப்படும். படங்களில் சக்கரத்தைப் பாருங்கள். முன்சக்கரம் பின்னால் தள்ளப்பட்டு ஃபெண்டரோடு ஒட்டி நின்றால் அடி சஸ்பென்ஷனைத் தாண்டிச் சேசிஸுக்குப் போயிருக்கும் வாய்ப்பு அதிகம். கதவுக்கும் பின்பக்க பேனலுக்கும் நடுவில் உள்ள இடைவெளி மேலே அகலமாகவும் கீழே குறுகியும் இருந்தால் உடல் வளைந்திருக்கிறது. ஏர்பேக் வெடித்திருக்கிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ‘ரன் அண்ட் டிரைவ்’ என்ற குறிப்பை நம்பிவிடாதீர்கள். ஏல மைதானத்துக்கு வந்தபோது ஸ்டார்ட் ஆகி நகர்ந்தது என்பதற்கு மேல் அதற்கு அர்த்தமில்லை.

கூடவே அமெரிக்க நீதித்துறையின் மேற்பார்வையில் இயங்கும் என்எம்விடிஐஎஸ் டைட்டில் தரவுத்தளத்தின் அறிக்கையை வாங்குங்கள். சில டாலர்தான் ஆகும். ஒரு மாநிலத்தில் விழுந்த முத்திரையை, காரை இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோய்ப் பதிந்து அழிக்கும் ‘டைட்டில் வாஷிங்’ மோசடி அதில் பெரும்பாலும் பிடிபடும். இன்சூரன்ஸ் மோசடிகளைத் தடுக்கும் அமைப்பான என்ஐசிபியின் வின்செக் சேவை இலவசம். காரின் பழைய வரலாற்றைத் தொகுத்துத் தரும் கார்ஃபாக்ஸ் அறிக்கை நல்ல துணை, ஆனால் இன்சூரன்ஸுக்குப் போகாமல் முடிந்த விபத்து அதில் வராமலே போகலாம். 

விற்பவர் ‘சின்ன அடிதான்’ என்று மட்டும் சொல்லி, படமும் காட்டாமல், பாகங்கள் வாங்கிய ரசீதும் இல்லாமல் இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். ஒழுங்காக வேலை செய்த யாரும் ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து வைத்திருப்பார்கள். அதைக் காட்டினால்தான் நல்ல விலை கிடைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

எல்லா ஸ்போர்ட்ஸ் காரையும் ஒரே கண்ணால் பார்ப்பது

சாதாரண செடானுக்குப் பொருந்தும் கணக்கு இங்கே பொருந்தாது. 2005 முதல் 2011 வரை அமெரிக்காவில் விற்ற லோட்டஸ் எலிஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முன்பக்க உடல் முழுவதும் ஒரே ஃபைபர்கிளாஸ் பேனல், கிளாம்ஷெல் என்பார்கள். பார்க்கிங்கில் யாரோ இடித்து அது விரிந்தாலே, புதுப் பேனல், பெயின்ட், கூலி எல்லாம் சேர்ந்து செலவு எகிறி, கார் டோட்டல் லாஸ் ஆகிவிடக்கூடும். உள்ளே இருக்கும் சேசிஸில் ஒரு துளி சேதம் இருக்காது. இப்படிப்பட்ட கார் நல்ல வாய்ப்பு. ஆனால் அதே எலிஸின் சேசிஸ், அலுமினியத் துண்டுகளை எபாக்ஸிப் பசையால் ஒட்டிச் செய்தது. அது வளைந்தால் இழுத்து நிமிர்த்த வழியில்லை, முழுச் சேசிஸையே மாற்ற வேண்டும். முத்திரை ஒன்றுதான். ஒன்று வாங்கக்கூடியது, மற்றது தொடவே கூடாதது.

கார்வெட்டில் இன்னொரு சூட்சுமம். 2005 முதல் 2013 வரை வந்த சி6 வரிசையில் சாதாரண மாடலுக்கு எஃகு ஃபிரேம், இஸட்06 மற்றும் இஸட்ஆர்1 மாடல்களுக்கு அலுமினிய ஃபிரேம். எஃகு ஃபிரேமை நிமிர்த்தும் நல்ல பெஞ்சில் மாட்டி, அளவு பார்த்து இழுக்கத் தெரிந்த ஆட்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அலுமினியத்தில் அடிபட்ட பகுதியை வெட்டி எடுத்து, உற்பத்தியாளர் சொன்ன இடத்தில் மட்டும் புதுப் பகுதியைப் பொருத்த வேண்டும். எஃகுத் தூள் படாத தனி இடமும் தனிக் கருவிகளும் வேண்டும், இல்லையென்றால் பின்னால் அரிப்பு தொடங்கும். 2014-இல் வந்த சி7 வரிசையில் எல்லா மாடலுக்கும் அலுமினியம்தான். 2020 முதல் வரும் சி8-இல் பெரிய அலுமினிய வார்ப்புகள் இருக்கின்றன. வார்ப்பு வளைவதற்கு முன் விரிசல் விடும் பொருள், அடிபட்டால் மாற்றுவதுதான் ஒரே வழி.

பெயின்ட் தடிமன் அளக்கும் கருவியை எடுத்துக்கொண்டு போகிறவர்களும் இங்கே ஏமாறுகிறார்கள். எஃகு உடலில் கம்பெனி பெயின்ட் ஏறக்குறைய 100 முதல் 180 மைக்ரான் காட்டும். 300 தாண்டினால் மறுபடி அடித்திருக்கிறார்கள், 1,000 தாண்டினால் உள்ளே பட்டி பார்த்திருக்கிறார்கள். ஆனால் மலிவான காந்தக் கருவி எஃகில் மட்டும்தான் வேலை செய்யும். ஹோண்டா எஸ்2000-இன் அலுமினிய போனட்டுக்கு எடி கரன்ட் வகையும், கார்வெட்டின் ஃபைபர் உடலுக்கு அல்ட்ராசானிக் வகையும் வேண்டும். 

கருவி எதுவும் இல்லாமலே பார்க்கக்கூடிய ஒன்று உண்டு. எஸ்2000 மாதிரியான கார்களில் போனட், ஃபெண்டர், கதவு, டிக்கி மூடி ஒவ்வொன்றின் உள்பக்கத்திலும் வின் நம்பர் அச்சிட்ட சிறு ஸ்டிக்கர் இருக்கும். மாற்றிய புதுப் பாகமாக இருந்தால் ‘ஆர்’ எழுத்தும் ‘டாட்’ முத்திரையும் உள்ள வேறு ஸ்டிக்கர் இருக்கும். இன்னொரு காரிலிருந்து கழற்றியதாக இருந்தால் வேறு வின் நம்பர் இருக்கும், அல்லது ஸ்டிக்கரே சுரண்டப்பட்டிருக்கும். வலது ஃபெண்டர் மட்டும்தான் மாற்றினோம் என்று விற்பவர் சொல்லும்போது, இடது கதவிலும் ஸ்டிக்கர் காணாமல் போயிருந்தால் கேள்வி கேட்க வேண்டிய இடம் அதுதான்.

கூரை திறக்கும் கார் என்றால் கூரையை மூடிக் கொக்கியை மாட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் லேசாக விழுந்து மறுபக்கம் அழுத்தித் தள்ள வேண்டியிருந்தால் உடல் முறுக்கியிருக்கலாம்.

கடைசித் தீர்ப்பு அளவுகளிடம்தான். சாதாரண மெக்கானிக்கிடம் மட்டும் காட்டினால் போதாது. விபத்துக் கார்களைச் சரிசெய்யும், ஃபிரேம் அளக்கும் வசதியுள்ள பட்டறைக்குக் கொண்டுபோய், கம்பெனி அளவுகளோடு ஒப்பிட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். பொதுவாக 3 மில்லிமீட்டர் வித்தியாசம் வரை ஏற்பார்கள். நான்கு சக்கர அலைன்மென்ட்டும் பாருங்கள், எதையும் திருகிச் சரிசெய்வதற்கு முன் வரும் முதல் அச்சுப் பிரதி உங்களுக்கு வேண்டும். கேம்பர் (சக்கரத்தின் பக்கச் சாய்வு), காஸ்டர் (ஸ்டீயரிங் அச்சின் முன்பின் சாய்வு) இரண்டு பக்கமும் அரை டிகிரிக்கு மேல் வேறுபட்டால் காரணம் தெரிய வேண்டும். பின்சக்கரங்கள் நோக்கும் திசை காரின் நடுக்கோட்டிலிருந்து விலகும் கோணமான த்ரஸ்ட் ஆங்கிள் பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். கேம்பரைத் திருகிச் சரிக்கட்டி மறைக்கலாம். ஸ்டீயரிங் அச்சின் பக்கச் சாய்வை அப்படி மறைப்பது கடினம், அது பக்கத்துக்குப் பக்கம் மாறினால் வளைந்த பாகம் இன்னும் உள்ளே இருக்கிறது.

ஏர்பேக் விளக்கு அணைந்திருப்பதை நம்புவது

உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், இங்கே விட்டுக்கொடுக்கவே கூடாது. சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு சில நொடிகள் எரிந்து பிறகு அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் விளக்கைக் கழற்றியிருக்கலாம். சரியாக எரிந்து அணைந்தாலும் முழு உத்தரவாதம் இல்லை, ஏர்பேக் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ரெசிஸ்டரைச் சொருகிக் கம்ப்யூட்டரை ஏமாற்றும் வேலை நடக்கிறது. இருபது டாலர் ஸ்கேனர் பெரும்பாலும் இன்ஜின் கோடுகளைத்தான் படிக்கும். ஏர்பேக்கைக் கட்டுப்படுத்தும் எஸ்ஆர்எஸ் மாட்யூலுக்குள் போய், விபத்துத் தரவு பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கும் கருவி உள்ளவரிடம் கொடுங்கள். சீட் பெல்ட்டின் அடிப்பகுதி லேபிளில் தயாரிப்புத் தேதி இருக்கும். கார் 2008, ஒரு பக்க பெல்ட் மட்டும் 2015 என்றால் எதற்காக மாற்றினார்கள் என்று கேளுங்கள்.

ஏர்பேக் மாற்றப்பட்டிருந்தால் அது எங்கே வாங்கியது என்ற ரசீது அவசியம். தரமற்ற மலிவு இன்ஃப்ளேட்டர்கள் பழுது பார்த்த பழைய கார்களில் பொருத்தப்பட்டு, வெடித்து, உயிர்ச்சேதம் ஏற்பட்டதாக 2024-இல் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்எச்டிஎஸ்ஏ எச்சரித்தது. ரசீது இல்லையென்றால், அதிகாரப்பூர்வ டீலரிடம் புது ஏர்பேக் போடும் முழுச் செலவையும் காரின் விலையோடு கூட்டிக் கணக்குப் போடுங்கள். டேஷ்போர்டும் மாற்ற வேண்டியிருந்தால் சில ஆயிரம் டாலர் போகும்.

வெள்ளத்தில் மூழ்கிய காரைக் காய்ந்துவிட்டது என்று எடுப்பது

2012-இல் சாண்டி, 2017-இல் ஹார்வி, 2022-இல் இயன் என்று ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் மூழ்கிய கார்கள் நாடு முழுவதும் சந்தைக்கு வருகின்றன. உப்புநீர் புகுந்தது என்றால் விலை என்னவாக இருந்தாலும் வேண்டாம். ஸ்போர்ட்ஸ் கார்கள் தாழ்ந்து நிற்பதால், முழங்கால் அளவுத் தண்ணீரே சீட்டுக்கு மேல் வந்துவிடும். சி6 கார்வெட்டின் மின்சாதனங்களைக் கட்டுப்படுத்தும் பாடி கன்ட்ரோல் மாட்யூல் பயணி கால் வைக்கும் இடத்தில் கார்ப்பெட்டுக்குக் கீழே இருக்கிறது. போர்ஷே 986 பாக்ஸ்டரில் திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் மாட்யூல் இடது சீட்டுக்கு அடியில், தரையில். மழைநீர் வடிகால் அடைத்தாலே அது கெட்டுப்போகும். கனெக்டர்களில் பச்சை பூத்து, ஆறு மாதம் கழித்து ஒவ்வொன்றாகக் கோளாறு தலைகாட்டும்.

சோதிக்க: சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து மண் கறை தேடுங்கள். சீட் போல்ட்டிலும் சீட்டுக்கு அடியில் உள்ள ஸ்பிரிங்கிலும் துரு இருக்கிறதா பாருங்கள். கார்ப்பெட் மட்டும் புத்தம் புதிதாக இருப்பதும் சந்தேகத்துக்கு உரியதே.

வாங்கிய பிறகு இன்சூரன்ஸுக்கும் லோனுக்கும் போவது

ரீபில்ட் காருக்கு, மற்றவருக்கு நேரும் சேதத்துக்கான லயபிலிட்டி காப்பீடு கிடைத்துவிடும். உங்கள் காருக்கே உள்ள கொலிஷன், காம்ப்ரிஹென்சிவ் காப்பீட்டைப் பல கம்பெனிகள் தருவதில்லை. தருகிறவர்களும் கார் மறுபடி அடிபட்டால் குறைத்துத்தான் மதிப்பிடுவார்கள். பணம் கொடுப்பதற்கு முன்பே வின் நம்பரைச் சொல்லி, தருவீர்களா, எப்படி மதிப்பிடுவீர்கள் என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலான வங்கிகள் லோன் தராது, முழுப் பணமும் கையில் இருக்க வேண்டும். கம்பெனி வாரன்டியும் பொதுவாக டோட்டல் லாஸோடு முடிந்துவிடும்.

ரீபில்ட் கார்கள் சாதாரண விலையைவிட 20 முதல் 40 சதவீதம் குறைவாகப் போகின்றன. நீங்கள் விற்கும்போதும் அதே வெட்டு விழும், வாங்க வருகிறவர்களும் குறைவு. ஆகவே 10 சதவீதம் தள்ளுபடிக்கு ரீபில்ட் காரை எடுப்பது நஷ்டம். முப்பது சதவீதத்துக்குக் குறைந்த தள்ளுபடிக்குப் போகாதீர்கள். திருட்டுப் போய், பணம் பட்டுவாடா ஆன பிறகு சீட்டும் சக்கரமும் கழற்றப்பட்ட நிலையில் கிடைத்த கார், அல்லது எலிஸ் மாதிரி பேனல் விலையால் மட்டுமே டோட்டல் ஆன கார் என்றால், படமும் அளவும் கையில் இருக்கும்பட்சத்தில் 25 வரை இறங்கலாம்.

தினமும் குடும்பத்தோடு ஓட்டுவதற்கும், மூன்று வருஷத்தில் விற்றுவிடுவதற்கும் ரீபில்ட் ஸ்போர்ட்ஸ் கார் ஏற்றதல்ல. டிராக்கில் ஓட்ட நினைப்பவருக்கும், பத்து வருஷம் வைத்துக்கொண்டு தானே வேலை பார்ப்பவருக்கும் கணக்கு சரியாக வரும். வாங்கிவிட்டால் ஏலப் படங்கள், பாக ரசீதுகள், வேறு காரிலிருந்து கழற்றிப் பொருத்திய பாகங்களின் மூலக் காரின் வின் நம்பர், ஃபிரேம் அளவு அறிக்கை, அலைன்மென்ட் பிரதி எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். இன்சூரன்ஸ் மதிப்பீட்டாளர் வரும்போதும், அடுத்து வாங்க வருபவர் கேட்கும்போதும் அந்தக் கோப்பைத்தான் எடுத்து நீட்ட வேண்டியிருக்கும்.