ரயிலில் போகும்போதும் வீட்டு வீடியோ நிற்காமல் ஓட

எங்கள் வீட்டு வீடியோக்கள் எல்லாம் ஒரு பழைய லேப்டாப்பில், ஜெல்லிஃபின் என்ற இலவச சர்வர் மென்பொருளில் இருக்கின்றன. அதிகம் பார்ப்பவர் என் அக்கா. அதுவும் ஓடும் ரயிலில், மொபைல் டேட்டாவில். வைஃபையில் ஓடுவதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

முதலில் வீட்டு இணைப்பின் அப்லோடு வேகத்தைப் பாருங்கள். வீடியோ வீட்டிலிருந்து வெளியே போகிறது அல்லவா? ஸ்பீடு டெஸ்டில் பெரும்பாலானவர்கள் டவுன்லோடு எண்ணைப் பார்த்ததுமே மூடிவிடுகிறார்கள்.

அடுத்தது பிட்ரேட், அதாவது ஒரு வினாடி வீடியோவுக்கு எவ்வளவு டேட்டா என்ற கணக்கு. இதுதான் முக்கியம். போனில் எடுத்த 1080பி வீடியோவே வினாடிக்கு 15, 20 மெகாபிட் கேட்கும். டவர் மாறுகிற நேரத்தில் அவ்வளவு கிடைக்காது. படத்தின் அளவைக் குறைத்து 720பி-யில் வைத்தால் 1.5 மெகாபிட் போதும். போன் திரையில் பெரிய வித்தியாசம் தெரியாது, ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 700 எம்பி-தான் செலவாகும்.

பார்க்கும்போதே சர்வர் சுருக்கித் தரும், அதற்கு டிரான்ஸ்கோடிங் என்று பெயர். பழைய லேப்டாப்பை நம்பி அதில் இறங்காதீர்கள். கொஞ்சம் முன்னால் தள்ளிப் பார்த்தாலே அது மூச்சு வாங்கும். இரவில் ஹேண்ட்பிரேக் என்ற இலவச வீடியோ மாற்றும் மென்பொருளை ஓடவிட்டுச் சிறிய பிரதிகளை எடுத்துத் தனி ஃபோல்டரில் வைத்துவிடுவதே என் வழி.

ஹேண்ட்பிரேக்கில் 'ஃபாஸ்ட் 720பி30' என்ற பிரீசெட்டில் (தயார் அமைப்பில்) தொடங்குங்கள். கோடெக், அதாவது வீடியோவைச் சுருக்கும் முறை, எச்.264 ஆக இருக்கட்டும். எச்.265 இடத்தை மிச்சம் பிடிக்கும், ஆனால் பழைய போன் அதை ஓட்டாவிட்டால் சர்வர் மறுபடி டிரான்ஸ்கோடிங்குக்குப் போய்விடும். தரத்தை ஒரே அளவில் வைக்கும் 'கான்ஸ்டன்ட் குவாலிட்டி'யை விட்டுவிட்டுச் சராசரி பிட்ரேட் 1500 (கிலோபிட், அதாவது 1.5 மெகாபிட்) என்று கொடுத்து, வீடியோவை ஒரு முறைக்கு மேல் அலசிச் சுருக்கும் மல்டி-பாஸைத் தேர்ந்தெடுங்கள். தரத்தை மட்டும் பிடித்துக்கொண்டால், குழந்தைகள் ஆடும் காட்சியில் பிட்ரேட் எகிறும். சரியாக அங்கேதான் படம் நிற்கும். ஆடியோவுக்கு ஏஏசி என்ற ஒலி வடிவத்தில் 96 கிலோபிட் தாராளம்.

அப்புறம் 'வெப் ஆப்டிமைஸ்டு' என்ற சின்னப் பெட்டி. எம்பி4 கோப்பின் எந்த நொடி எங்கே இருக்கிறது என்ற அட்டவணை பல சமயம் கோப்பின் கடைசியில் இருக்கும். பிளேயர் அதைத் தேடிக் கடைசிவரை போய்த் திரும்ப வேண்டும். இந்தப் பெட்டியில் டிக் போட்டால் அட்டவணை முன்னால் வந்துவிடும், படமும் சீக்கிரம் தொடங்கும்.

வெளியிலிருந்து வீட்டு சர்வரை எட்ட, நம் சாதனங்களை மட்டும் தனி வலையாக இணைக்கும் டெய்ல்ஸ்கேல் என்ற விபிஎன் மென்பொருளைப் போடுங்கள். ரவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வழி) எதையும் திறக்க வேண்டாம். அதன் ஸ்டேட்டஸ் கட்டளையைக் கொடுத்தால், வீடியோ ஓடும்போது 'டைரக்ட்' என்று வரவேண்டும். 'ரிலே' என்றால் நடுவில் வேறொரு சர்வர் வழியாகச் சுற்றிப் போகிறது, வேகம் குறையும்.

போனிலுள்ள ஜெல்லிஃபின் ஆப்பில் தரத்தின் வரம்பை 3 மெகாபிட்டில் வையுங்கள். பிரதியின் பிட்ரேட்டுக்கும் கீழே வைத்தால், பாடுபட்டுச் செய்த பிரதியையே சர்வர் மறுபடி சுருக்க ஆரம்பிக்கும். படம் ஓடும்போது 'பிளேபேக் இன்ஃபோ'வைத் திறந்தால் 'டைரக்ட் பிளேயிங்' (சுருக்காமல் அப்படியே ஓடுகிறது) என்று இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

சுரங்கப் பாதைக்கு மட்டும் இவை எதுவும் உதவாது. கிளம்பும் முன் வைஃபையில் சிறிய பிரதியை டவுன்லோடு செய்துகொள்ளும்படி அக்காவிடம் சொல்லிவிட்டேன்.