பழைய பொம்மை வாங்கும்போது செய்யக் கூடாத தவறுகள்

முதுகில் 1966 என்று அச்சடித்திருந்தால் அந்தப் பார்பி 1966-ல் செய்தது என்று அர்த்தம் இல்லை. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஒரு விஷயம் தெரியாததால்தான் சிங்கப்பூரில் ஒரு வார இறுதிப் பொம்மைச் சந்தையில் 180 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்து, எங்கே தேடினாலும் இருபது முப்பது வெள்ளிக்குக் கிடைக்கிற ஒரு பொம்மையை வீட்டுக்குத் தூக்கி வந்தேன். மேசைமேல் கையால் எழுதிய ஒரு சின்ன அட்டை, அதில் "1966 பார்பி". திருப்பிப் பார்த்தேன், இடுப்புக்குக் கீழே மேட்டல், 1966, மலேசியா என்று எழுத்து புடைத்து நின்றது. சரி, உண்மைதான் என்று பணத்தைக் கொடுத்துவிட்டேன். விற்றவர் என்னை ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன், அவரும் அந்த எண்ணை அப்படியே நம்பியிருந்தார்.

நடந்தது இதுதான். இடுப்பைத் திருப்பக்கூடிய உடம்பு வடிவத்துக்கு மேட்டல் நிறுவனம் உரிமை பதிந்த வருடம் 1966. அந்த உடம்போடு பொம்மை கடைக்கு வந்ததே 1967-ல். அப்புறம் பத்து இருபது வருடங்களுக்கு மேலாக, 1990களில் செய்த பொம்மைகளில்கூட, அதே எண்ணைப் போட்டுக்கொண்டே வந்தார்கள். அறுபதுகளில் வந்த பார்பிகள் பெரும்பாலும் ஜப்பானில் செய்தவை, ஆக மலேசியா என்ற எழுத்தைப் பார்த்ததுமே நான் யோசித்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து முடியை ஒதுக்கி, தலைக்குப் பின்னால் கழுத்து விளிம்பில் பார்த்தால் 1976 என்று இன்னொரு எண். அதுவும் அந்தத் தலையின் அச்சுக்கு உரிமை வாங்கிய வருடம்தான், பொம்மை செய்த வருடம் இல்லை. அதனால் எண்ணைப் பாருங்கள், ஆனால் அதோடு எந்த நாடு, முகத்தில் வரைந்த விதம், மூட்டு, முடி நட்டிருக்கும் விதம் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். தலையின் நிறமும் உடம்பின் நிறமும் ஒத்துப்போகிறதா என்பதையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும், பழைய தலையைப் புது உடம்பில் மாட்டி விற்பது ரொம்பச் சாதாரணம்.

உடுப்பை வைத்து வயதைச் சொல்வதும் இதே வகைத் தவறு. நம் ஊரில் இதற்கு நல்ல உதாரணம் விமானப் பணிப்பெண் பொம்மை. அவர்கள் உடுத்தும் சாரோங் கெபாயா என்ற மலாய் பாணிச் சட்டை-பாவாடைச் சீருடையை பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் பியர் பால்மேன் வடிவமைத்தது 1968-ல், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் என்ற பெயர் வந்த 1972-க்கும் முன்னால். அன்றிலிருந்து அடிப்படை வடிவம் மாறவே இல்லை. நீலம், பச்சை, சிவப்பு என்று நிறம் சொல்வது பணிப்பெண்ணின் பதவியை, காலத்தை இல்லை. கெபாயா கட்டியிருக்கிறது என்பதற்காக "அறுபதுகளின் பொம்மை" என்று யாராவது சொன்னால், உடுப்பை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கைப் பாருங்கள். பாத்திக் துணி சுற்றிய சாதாரண நினைவுப்பொருள் பொம்மைகளும் இந்தப் பெயரில் கைமாறுகின்றன, அதனால் பெட்டி, லேபிள் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள்.

அடுத்தது, பழசு என்றாலே விலை அதிகம் என்ற நம்பிக்கை. ஜெர்மனியில் ஆர்மண்ட் மார்சேய் நிறுவனம் செய்த 390 எண் பீங்கான் தலைப் பொம்மை நூறு வயதைத் தாண்டியதாக இருக்கலாம், ஆனால் அதை அவ்வளவு எண்ணிக்கையில் செய்தார்கள், இன்றைக்கும் எளிதாகக் கிடைக்கிறது. 1988-ல் முதல் பண்டிகைக்காலப் பார்பி வந்து பரபரப்பாக விற்றதும், அடுத்தடுத்த வருடங்களில் வந்தவற்றை எல்லாரும் பின்னால் விலை ஏறும் என்று பெட்டியோடு எடுத்து வைத்தார்கள். எல்லாரும் எடுத்து வைத்ததால் எதுவும் அபூர்வம் ஆகவில்லை. சந்தைக்குப் போகும் முன் கரோசெல், ஈபே போன்ற இணையச் சந்தைகளில் விலை பாருங்கள், ஆனால் கேட்கிற விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்த விலையைப் பாருங்கள். ஒருவர் 400 வெள்ளி என்று போட்டு இரண்டு வருடமாக அப்படியே கிடக்கலாம், அது விலை ஆகாது.

இப்போது நான் மிகவும் கவலைப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன், செல்லுலாய்ட் என்ற பழைய காலப் பிளாஸ்டிக். கையில் எடுத்தால் காற்றைப் போல இருக்கும், பழைய டேபிள் டென்னிஸ் பந்து மாதிரி மெலிசு. அந்தப் பந்துகளும் 2014 வரை இதே பொருளில்தான் வந்தன. ஜெர்மன் பொம்மை என்றால் முதுகில் ஆமைச் சின்னம் இருக்கலாம், ஜப்பானில் செய்ததும் ஏராளம். கட்டைவிரலால் லேசாகத் தேய்த்துச் சூடாக்கி முகர்ந்தால் கற்பூர வாசனை வரும், ஏனென்றால் நைட்ரோசெல்லுலோஸோடு கற்பூரம் சேர்த்துத்தான் அதைச் செய்தார்கள். தீ பட்டால் கற்பூரத்தைப் போலவே பிடித்துக்கொள்ளும். சிலர் ஊசியைச் சூடுபடுத்திக் குத்திப் பார்க்கச் சொல்வார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள்.

இதை நான் இவ்வளவு விரித்துச் சொல்லக் காரணம் கொலு. நம் வீடுகளில் படிக்குக் கீழே பார்க் கட்டும் இடத்தில் ஜப்பான் பொம்மை, வெள்ளைக்காரப் பொம்மை, பிள்ளைகள் விளையாடியது எல்லாம் வைப்போம். பக்கத்திலேயே குத்துவிளக்கு எரியும், ஆரத்தி எடுப்போம். சந்தையில் ஐந்து வெள்ளிக்குக் கிடைத்த அந்தச் சின்னப் பாப்பா செல்லுலாய்டாக இருந்தால் அது அந்த இடத்தில் இருக்கவே கூடாது. வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை, விளக்கிலிருந்தும் அடுப்பிலிருந்தும் வெயில் விழும் ஜன்னலிலிருந்தும் தள்ளி, காற்றோட்டமாக, மற்றப் பொம்மைகளோடு சேர்க்காமல் தனியாக வையுங்கள். அது சிதையத் தொடங்கினால் வெளிவரும் அமிலப் புகை பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும்.

பீங்கான் தலை என்றால் கைபேசி டார்ச்சைப் பயன்படுத்தத் தயங்காதீர்கள். விக்கைத் தூக்கிப் பார்க்கலாமா என்று கேட்டுவிட்டு, உள்ளே வெளிச்சத்தை விட்டால் கண்ணுக்குத் தெரியாத கீறல்கூடக் கோடாகத் தெரியும். ஒட்டிப் பெயிண்ட் அடித்த இடம் புற ஊதா விளக்கில் வேறு மாதிரி மின்னும், ஒரு சின்ன விளக்கு சில வெள்ளிக்குக் கிடைக்கிறது. மரத்தூளையும் பசையையும் குழைத்துச் செய்த இருபதாம் நூற்றாண்டு முற்பாதிப் பொம்மைகளை ஈரத்துணியால் துடைக்கவே கூடாது, மேல்பூச்சு உப்பி உரிந்து வரும். மரப் பொம்மையில் குண்டூசித் தலை அளவு ஓட்டைகளும் கீழே மாவு போன்ற தூளும் இருந்தால் உளு இன்னும் உள்ளே இருக்கிறது, அழகாக இருந்தாலும் வைத்துவிட்டு நகருங்கள்.

மூக்கைப் பயன்படுத்தாமல் வாங்குவது இந்த ஊரில் பெரிய தவறு. இங்கே காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல். குளிர்நாட்டுப் பரண்மேல் ஐம்பது வருடம் சும்மா இருந்த பொம்மை இங்கே இரண்டு மழைக்காலத்தில் பூசணம் பிடித்துவிடும். முடியையும் துணி உடம்பையும் முகருங்கள். ஈர வாடை அடித்தால், துவைத்தால் போய்விடும் என்று விற்பவர் சொன்னாலும் பஞ்சுக்குள் போனது போகாது. வினிகர் வாசனை வந்தால் அது அழுக்கு இல்லை, பழைய அசிட்டேட் பிளாஸ்டிக்கே சிதைகிறது. வினைல் பொம்மையின் கால் தொட்டால் பிசுபிசு என்று இருக்கிறதா? பிளாஸ்டிக்கை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய் போன்ற பொருள் வெளியே கசிகிறது, துடைத்தால் கொஞ்ச நாளில் மறுபடி வரும். ஆரம்பகாலப் பார்பிகளின் காதைக் கண்டிப்பாகப் பாருங்கள், முடியை ஒதுக்கிவிட்டு. கம்மலின் உலோகம் வினைலோடு வினைபுரிந்து கன்னம் வரை பச்சை படர்ந்திருக்கும். பருவுக்குப் போடும் கிரீம் தடவிச் சரிசெய்வார்கள், அந்த இடம் மட்டும் வெளிறிப் போய்த் தெரியும். பச்சையை ஏற்றுக்கொண்டு குறைந்த விலைக்கு வாங்குவது நல்லது.

பெட்டியைத் திறக்காத பொம்மை என்றால் உள்ளே எல்லாம் சரியாக இருக்கும் என்று நினைக்கிறோம். திறக்காமல் இருந்ததே சில நேரம் கேடு. முடியில் கட்டிய ரப்பர் உருகி ஒட்டியிருக்கும், வினைல் பெல்ட் தொடையில் கறை விட்டிருக்கும். வாங்கி வந்ததைப் பாம் ஷெல்டருக்குள் (இங்கே வீட்டுக்குள் கட்டியிருக்கும் பாதுகாப்பு அறை) அடுக்கிக் கதவைச் சாத்திவிடுவது நம்மில் பலர் செய்வது, அங்கே காற்று அசையாது. கேமரா வைக்கும் உலர் பெட்டி இருந்தால் 45, 50 சதவீத ஈரப்பதத்தில் வைக்கலாம். இல்லாவிட்டால் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, நிறம் மாறியதும் மாற்றுங்கள், ஒரு முறை போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள்.

பிளைத் பொம்மை பிடிக்கும் தங்கச்சிகளுக்கு ஒரு வார்த்தை. கென்னர் நிறுவனம் அதை விற்றது 1972-ல் ஒரே ஒரு வருடம். கயிற்றை இழுத்தால் கண் நான்கு நிறத்துக்கு மாறும் அந்தப் பொம்மையை 2001-ல் ஜப்பானின் டகாரா மறுபடி கொண்டுவந்தது. இன்று மேசைமேல் இருப்பதில் பல, உதிரிப் பாகங்களைச் சேர்த்து முகம் செதுக்கிப் பெயிண்ட் அடித்தவை. அந்தக் கைவேலைக்குக் காசு கொடுப்பது நியாயமே, ஆனால் அதை 1972 பொம்மை என்று நினைத்துக் கொடுக்காதீர்கள்.

கொலு பொம்மைக்குத் திரும்ப வருகிறேன், நம்மவர்கள் விற்கும் மேசைகளில் அதுவும் வருகிறது. பழைய களிமண், காகிதக்கூழ்ப் பொம்மைகளை வாங்கியதும் முதல் வேலையாகக் கடைப் பெயிண்ட் வாங்கிப் புதுசாக்குவது எனக்குத் தாங்கவே முடியாதது. ஒரு பழைய கிருஷ்ணன் பொம்மையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன், புருவம் மூன்றே இழுப்பில், நடுவில் கொஞ்சம் தடித்து ஓரத்தில் நூலாய்ப் போய் முடிந்திருந்தது. உதட்டுக்குக் கீழே ஒரு மெல்லிய நிழல்கூட இருந்தது. இன்னொரு மேசையில் அதே வகைப் பொம்மை, பளபளவென்று எனாமல் நீலம், கண்ணை மார்க்கரால் வரைந்திருந்தார்கள், முதலில் வரைந்தவரின் கைவண்ணமே போய்விட்டது. நிறம் உதிர்ந்திருந்தால் மெல்லிய உலர்ந்த தூரிகையால் தூசி மட்டும் தட்டுங்கள், போதும். அப்புறம், தசாவதார செட்டில் ஒன்றை மட்டும் கேட்டுப் பிரித்து வாங்காதீர்கள். மீதி ஒன்பதும் அதற்கப்புறம் செட்டாக யாருக்கும் போகாது.

சந்தையில் நடந்துகொள்ளும் விதமும் முக்கியம். முதுகுப்பையை முன்பக்கம் போட்டுக்கொள்ளுங்கள், வரிசைக்கு நடுவில் திரும்பினால் பீங்கான் விழும். கேட்காமல் தொடாதீர்கள், பிள்ளை கையில் கொடுக்காதீர்கள், தூக்கும்போது தலையைப் பிடிக்காமல் இடுப்பையும் முதுகையும் தாங்கித் தூக்குங்கள், உள்ளே இழுத்துக் கட்டியிருக்கும் ரப்பர் அறுந்தால் கையும் காலும் தனித்தனியாக வந்துவிடும். எடுத்த எடுப்பிலேயே "கடைசி விலை என்ன?" என்று கேட்பதற்குப் பதில் "ஆன்ட்டி, இதில் ஏதாவது மாற்றியிருக்கிறீர்களா, ஒட்டியிருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். நேராகக் கேட்டால் பெரும்பாலும் நேராகவே சொல்வார்கள். கைபேசியில் பேநவ் மூலம் பணம் அனுப்பும்போது எது அசல், எது மாற்றியது என்று அவர் சொன்னதை ஒரு குறுஞ்செய்தியாக எழுதி அவரிடமே ஆமாம் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய ஆசியப் பொம்மைகளில் கையோ முகமோ தந்தமாக இருந்தால் தொடவே வேண்டாம், 2021 செப்டம்பர் 1 முதல் சிங்கப்பூருக்குள் யானைத் தந்தத்தை விற்பதற்குத் தடை இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் நேராக அலமாரியில் வைக்காதீர்கள். இரண்டு வாரம் தனிப் பெட்டியில், கீழே வெள்ளைக் காகிதம் விரித்து வையுங்கள், தூளோ பூச்சியோ இருந்தால் அந்தக் காகிதத்தில் தெரிந்துவிடும். சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலையில் மூடியபோது அங்கே வாங்கியவை என்னிடம் மூன்று இருந்தன, யார் வீட்டிலிருந்து வந்தவை என்று விற்ற அங்கிளிடம் கேட்கவே இல்லை, இனி கேட்கவும் வழியில்லை. இப்போதெல்லாம் விற்பவர் சொல்லும் கதையை, அக்கா கல்யாணத்துக்குப் பினாங்கிலிருந்து வந்தது, அம்மா தையல் மிஷினில் உடுப்பு தைத்தார் என்று எதுவானாலும், அன்றைக்கே பென்சிலால் ஒரு காகிதத்தில் எழுதி, தேதி போட்டு, பொம்மையில் படாமல் ஓர் உறையில் போட்டுப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறேன்.