கம்ப்யூட்டர் இரைச்சல் அடங்கியது இப்படித்தான்

கோத்தகிரியில் ராத்திரி ஊர் அடங்கிவிட்டால் என் கம்ப்யூட்டரின் இரைச்சல் பக்கத்து அறை வரை கேட்கும். எது சத்தம் போடுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் முக்கியம். ஓடும்போதே கேபினெட்டின் பக்கத் தகட்டை உள்ளங்கையால் அழுத்தினேன். 'ம்ம்' என்ற ரீங்காரம் சட்டென்று குறைந்தது. ஆக, பாதிச் சத்தம் ஹார்டு டிஸ்க்குடையது. நிமிடத்துக்கு 7200 முறை சுற்றும் அது தகரத்தையும் சேர்த்து அதிர வைக்கிறது. நான்கு ஸ்க்ரூவுக்கும் ரப்பர் வாஷர் கொடுத்து, ரொம்ப இறுக்காமல் முடுக்கினேன். ரீங்காரம் நின்றது!

அப்புறம் ஃபேன். இறக்கை சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் தூசி தட்டினேன். பயாஸில், அதாவது கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங்ஸ் திரையில், ஃபேன் வேகத்தையும் குறைத்தேன். இங்கே குளிர் கைகொடுக்கிறது, ப்ராசஸர் சூடேறவில்லை. கோயம்புத்தூர் வெயிலில் இருப்பவர்கள் வெப்ப அளவைப் பார்த்துப் பார்த்து வேகத்தைக் குறையுங்கள்.