ஜாதகக் கதைகளுக்குப் பொருள் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நரி என்றால் தந்திரம், குரங்கு என்றால் சபலம். பஞ்சதந்திரம் படித்த பழக்கத்தில் இப்படி ஒரு பட்டியலோடுதான் பலர் புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளுக்குள் நுழைகிறார்கள். முதல் தவறு இதுதான். பாலி மொழித் தொகுப்பிலுள்ள 547 கதைகளில் 316ஆவது முயல் கதை. அதில் முயலின் தோழர்கள் நீர்நாய், நரி, குரங்கு. கதை முடிவில் அந்த நரி மொக்கல்லானர், குரங்கு சாரிபுத்தர் என்கிறார் புத்தர். இருவரும் அவருடைய தலைமைச் சீடர்கள். பட்டியல் அங்கேயே உதவாமல் போகிறது.

குழந்தைகளுக்கான பதிப்புகளில் கதையின் முன்னும் பின்னும் பெரும்பாலும் வெட்டப்பட்டிருக்கும். புத்தர் எந்தச் சந்தர்ப்பத்தில் கதையைச் சொன்னார், முற்பிறவியில் யார் யாராக இருந்தார்கள் என்பதெல்லாம் அந்தப் பகுதிகளில்தான் இருக்கிறது. அதை விட்டுவிட்டுப் பொருள் தேடாதீர்கள்.

அப்புறம், பெரிய காட்சியிலேயே கண்ணை வைத்திருப்பது. பிராமண வேடத்தில் வந்த சக்கனுக்கு, அதாவது இந்திரனுக்கு, தன்னையே உணவாகத் தர முயல் தீயில் குதித்ததும், அவன் அதன் உருவத்தை நிலவில் வரைந்ததும் எல்லோருக்கும் தெரியும். குதிக்கும் முன் அது மூன்று முறை உடம்பை உதறியதைப் பலர் கவனிப்பதில்லை. ரோமத்தில் இருக்கும் பூச்சிகள் செத்துவிடக் கூடாதே! தன் உடம்பைத் தரலாம், பிற உயிரைத் தர முடியாது. எனக்குக் கதையின் உயிரே இந்த இடம்தான்.

இதே தொகுப்பின் கடைசிக் கதையில் இளவரசன் வெஸ்ஸந்தரன் தன் பிள்ளைகளையே தானமாகக் கொடுக்கிறான். 'பிள்ளைகள் பற்றின் குறியீடு' என்று சொல்லி அந்த வலியைத் துடைத்துவிடக் கூடாது. பிள்ளைகள் பயந்து தாமரைக் குளத்தில் ஒளிகிறார்கள், அழுகிறார்கள். பிறரைத் துன்பப்படுத்தும் தானம் சரியா என்று கிரேக்க மன்னன் மிலிந்தன் பௌத்தத் துறவி நாகசேனரிடம் கேட்பதாக, அவர்களின் உரையாடலைச் சொல்லும் பழைய நூலான மிலிந்த பஞ்ஹாவிலேயே வருகிறது. அந்தக் காலத்திலேயே உறுத்திய கேள்வி அது.

ஒரே பெயரில் வரும் வெவ்வேறு கதைகளையும் கலந்துவிடக் கூடாது. கண்ணகி பாண்டியன் முன் பெருமையோடு சொல்லும் சோழன், புறாவின் துயர் தீர்த்தவன், அதாவது சிபி. பாலி ஜாதகத்துச் சிவி மன்னனோ, ஒரு கண் கேட்டு வந்த குருட்டுப் பிராமணனுக்கு இரண்டையும் கொடுக்கிறான். முன்னது அடைக்கலம் புகுந்த உயிரைக் காக்கும் கதை, பின்னது கேட்டதற்கும் மேலே கொடுக்கும் கதை.