பல் இம்பிளான்ட் வைத்த பிறகு: முதல் பத்து நாள்

இம்பிளான்ட் என்பது தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல் வேர். சிகிச்சைக்கு முன்பே சர்க்கரை, ரத்தத்தை இளக்கும் மாத்திரை, எலும்புத் தேய்மானத்துக்கான ஊசி எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் பஞ்சை அரை மணி முதல் ஒரு மணி நேரம் அழுத்திக் கடித்திருங்கள். அடிக்கடி எடுத்துப் பார்த்தால் ரத்தம் உறையாது. முதல் 24 மணி நேரம் துப்பக் கூடாது, கொப்பளிக்கக் கூடாது, ஸ்ட்ராவில் உறிஞ்சக் கூடாது. உறைந்த ரத்தம் பெயர்ந்துவிடும். எச்சிலில் லேசான சிவப்பு சகஜம். துணியில் சுற்றிய ஐஸை 20 நிமிடம் கன்னத்தில் வையுங்கள், 20 நிமிடம் எடுங்கள். வீக்கம் 2, 3-ம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும், பயப்படாதீர்கள்.

சாப்பாடு: ஆறிய கேழ்வரகுக் கஞ்சி, குழைய மசித்த தயிர் சாதம். கடுகு தாளிக்காதீர்கள், ஒரு கடுகு தையலில் சிக்கினால் போதும், எடுப்பதற்குள் படாதபாடு.

இரண்டாம் நாள் முதல், ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டு, சாப்பிட்டதும் மெதுவாக வாயில் சுழற்றி, தானாக வழிய விடுங்கள். தையல் பிரிக்க 7 முதல் 10 நாள்.

சிகரெட்தான் முதல் எதிரி: ரத்த ஓட்டத்தைக் குறைத்து இம்பிளான்ட்டோடு எலும்பு ஒட்டவிடாது. கீழ்த்தாடையில் எலும்பு பிடிக்கப் பொதுவாக 3 மாதம், மேல்தாடையில் 4 முதல் 6 மாதம்.

இம்பிளான்ட் மேல் திருகியிருக்கும் சின்ன மூடி ஆடினால் நீங்களே திருகாதீர்கள். மூன்று நாளுக்குப் பிறகு வலி கூடினாலோ, சீழ், காய்ச்சல் வந்தாலோ, மறுநாளும் உதடு மரத்தே இருந்தாலோ அன்றே டாக்டரைப் பாருங்கள்.