தோற்ற பிறகு தலைவரைத் தெரிவு செய்வது எப்படி: ஒரு கிளைச் செயலாளரின் கொப்பியிலிருந்து

2019 டிசம்பர் 12. மழைக்குள் கடைசிக் கதவையும் தட்டிவிட்டு, நனைந்த சப்பாத்தோடு இரவு பத்து மணிக்கு வீட்டுக்கு வந்தேன். விடியும்போது கணக்குத் தெளிவாகிவிட்டது. பிரித்தானியத் தொழிற்கட்சிக்கு 202 ஆசனங்கள். 1935க்குப் பிறகு இவ்வளவு குறைந்தது இல்லை. ரொனி பிளேயர் இருந்த செட்ஜ்ஃபீல்ட் போய்விட்டது. சுரங்கத் தொழிலாளர் ஊரான போல்சோவர் போய்விட்டது. எதிர்ப்பக்கமான கொன்சவேர்ட்டிவ் கட்சிக்கு 80 பெரும்பான்மை.

வடமேற்கு லண்டனில் எங்கள் கிளைக்கு அப்போது நான் செயலாளர். அடுத்த நாலு மாதமும் புதுத் தலைவரைத் தெரிவு செய்கிற வேலைதான். 2010இலும் 2015இலும் சாதாரண உறுப்பினராக வாக்களித்திருக்கிறேன்; உள்ளே இருந்து பார்த்தது 2020இல்தான். இப்போது கட்சிகளில் சேர்ந்திருக்கும் எங்கள் பிள்ளைகள், "அன்ரி, கட்சி தோத்தா ஆருக்குப் போடுறது எண்டு எப்பிடி முடிவெடுக்கிறது?" என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதல் வாரம்: ஆட்களைப் பற்றிக் கதைக்காதீர்கள்

தோற்ற மறுநாளே வாட்ஸப்பில் பெயர்கள் வரத் தொடங்கும். இவர் நல்லாப் பேசுவார், அவர் வடக்குக்காரர், இந்த முறை பெண்தான் வரவேணும். அதற்குள் இறங்க வேண்டாம். ஒரு கொப்பி எடுங்கள். நீங்கள் தட்டிய கதவுகளில் "இல்லை" என்று சொன்னவர்கள் என்ன காரணம் சொன்னார்கள் என்று, நினைவு சூடாக இருக்கும்போதே, அவர்களுடைய வார்த்தைகளிலேயே எழுதுங்கள். ஒரு கிழமை போனால் அவர்கள் சொன்னது மறந்து, நாங்கள் நினைப்பதை அவர்கள் சொன்னதாக எழுதத் தொடங்கிவிடுவோம்.

என் கொப்பியில் 63 கதவுகள். பருத்தித்துறையிலிருந்து வந்து முப்பது வருடமாக எங்களுக்கே போட்டுவந்த ஒரு அம்மா கதவை முழுக்கத் திறக்காமலே சொன்னார்: "பிள்ளை, ஐரோப்பாவில இருக்கிறதோ விடுறதோ, ஒண்டைச் சொல்லுங்கோ. ரெண்டையும் சொன்னா நான் என்னெண்டு நம்புறது?" குஜராத்தி வீடுகள் பலவற்றில், அந்த செப்டெம்பரில் கட்சி மாநாடு நிறைவேற்றிய காஷ்மீர் தீர்மானம் இந்தியாவுக்கு எதிரானது என்று சொன்னார்கள். மினிகாப் ஓடும் ஒரு தம்பி, எல்லாருக்கும் இலவச இணையம் தருவோம் என்றதைக் காட்டி, "காசு எங்கயிருந்து?" என்றார். அப்போதைய தலைவர் ஜெரமி கோர்பினின் பெயரைச் சொன்னவர்கள் பதினேழு பேர். அதில் அவருடைய கொள்கையைக் குறை சொன்னவர்கள் நாலு பேர்தான். மற்றவர்கள் அந்த ஆளையே நம்பவில்லை. இந்த வித்தியாசம் முக்கியம். கொள்கை பிழையா, அதைச் சொல்கிறவர்மேல் நம்பிக்கை இல்லையா, அல்லது இரண்டுமா என்று தெரியாமல் புதுத் தலைவரைத் தேடினால் வருத்தம் ஒன்று, மருந்து வேறொன்றாகிவிடும்.

கட்சி அறிக்கை தரும் என்று காத்திருக்க வேண்டாம். 2015 தோல்வியைப் பற்றி மார்கரெட் பெக்கெட் தலைமையில் தயாரித்த அறிக்கை வந்தது 2016 ஜனவரியில். தலைவரோ 2015 செப்டெம்பரிலேயே தெரிவாகிவிட்டார். 2019 தோல்வியைப் பற்றி 'லேபர் டுகெதர்' என்ற கட்சி சார்ந்த குழு செய்த ஆய்வு வெளிவந்தது 2020 ஜூனில். தலைவர் வந்தது ஏப்ரலில். இரண்டு முறையும், ஏன் தோற்றோம் என்று தெரிய முன்னரே யார் என்று முடிவெடுத்தோம். எனக்கு இன்றும் ஆறாத விசயம் இது. ஆகவே உங்கள் கொப்பிதான் உங்கள் அறிக்கை.

யார் வாக்களிக்கலாம் என்பதே பாதி முடிவு

விதிகளைப் படிப்பது அலுப்பான வேலை. ஆனால் 2010ஐப் பாருங்கள். அப்போது வாக்கு மூன்று கூறாகப் பிரிந்திருந்தது: பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு பங்கு, கட்சி உறுப்பினர்களுக்கு ஒரு பங்கு, தொழிற்சங்கங்களுக்கு ஒரு பங்கு. முதல் இரண்டிலும் அண்ணன் டேவிட் மிலிபாண்ட் முன்னுக்கு; சங்கங்களின் பங்கில் தம்பி எட் முன்னுக்கு. முடிவு 50.65 க்கு 49.35, தம்பி வென்றார். வேறு விதி இருந்திருந்தால் வேறு தலைவர்.

பிறகு ஆளுக்கு ஒரு வாக்கு என்றார்கள். 2015இல் மூன்று பவுண் கட்டினால் ஆதரவாளராக வந்து வாக்களிக்கலாம். 2020இல் அது 25 பவுண், அதுவும் ஜனவரி நடுவில் 48 மணி நேரம் மட்டும். 2021இல் அந்த வழியையே மூடிவிட்டார்கள். வேட்பாளராக நிற்க 2020இல் பாராளுமன்றக் குழுவில் பத்தில் ஒருவரின் முன்மொழிவு போதும். இப்போது ஐந்தில் ஒருவர் வேண்டும். 2025 துணைத் தலைவர் தேர்தலில் இதனால் 80 முன்மொழிவுகள் தேவைப்பட்டன. உறுப்பினர்களின் வாக்குச்சீட்டுக்கு வந்தது இரண்டு பெயர்தான். எங்களுக்குப் பிடித்தவர் எங்களிடம் வர முன்பே கழிபடலாம். அப்படியென்றால் உங்கள் முதல் வேலை வாக்களிப்பதல்ல, உங்கள் தொகுதி எம்.பி.க்கு முதல் நாளே எழுதுவது.

ஊர் விசயம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2024 ஜனவரியில் திருகோணமலையில் இலங்கைத் தமிழரசுக் கட்சி தலைவரை வாக்கெடுப்பில் தெரிவு செய்தது. சிறீதரனுக்கு 184, சுமந்திரனுக்கு 137. போட்டி வைத்துத் தெரிவு செய்தது நல்ல காரியம் என்று இங்கே நாங்கள் கதைத்துக்கொண்டிருக்கும்போதே, கட்சியின் யாப்புப்படி நடந்ததா என்ற வழக்கு நீதிமன்றம் போனது. பட்டியலையும் விதியையும் முதலில் எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டும். எண்ணிய பிறகு கேட்கும் கேள்வி அல்ல அது.

உங்கள் கிளையில் இருப்பவர்களின் சந்தா ஒழுங்காகப் போகிறதா என்று ஒவ்வொருவராக அழைத்துக் கேளுங்கள். எங்களோடு ஒரு ஐயா இருந்தார், எண்பது தாண்டியவர். வங்கி அட்டை மாறியதில் அவருடைய சந்தா பல மாதமாகப் போகவில்லை. அவருக்கும் தெரியாது, நானும் பார்க்கவில்லை. முன்மொழிவுக் கூட்டத்துக்குப் பொல்லு ஊன்றிக்கொண்டு குளிருக்குள் வந்தவரை, "ஐயா, உங்கட பேர் பட்டியலில இல்லை" என்று வாசலில் நிறுத்தியது நான். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பின்வரிசையில் இருந்து கூட்டம் முடியும் வரைக்கும் பார்த்துவிட்டுப் போனார். ஒரு தொலைபேசி அழைப்பில் முடிந்திருக்கும்.

முன்மொழிவுக் கூட்டம்

எம்.பி.க்களின் முன்மொழிவு கிடைத்த பிறகு, 2020இல் வேட்பாளர் 33 தொகுதிக் கிளைகளின் ஆதரவையோ, போதிய தொழிற்சங்கங்களின் ஆதரவையோ பெற வேண்டும். எமிலி தோர்ன்பெரி 31 கிளைகளோடு நின்றுவிட்டார். நாடு முழுக்க இன்னும் இரண்டு மண்டபங்களில் வேறு மாதிரி நடந்திருந்தால் அவருடைய பெயரும் சீட்டில் இருந்திருக்கும். ஆகவே அந்த மாலைக்கு வராமல் விடாதீர்கள்.

கூட்டம் நடத்துகிறவர்களுக்கு மூன்று சொல். இரகசிய வாக்கு, கை தூக்கச் சொன்னால் பாதிப் பேர் பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துத்தான் தூக்குவார்கள். பேச்சுக்கு இரண்டு நிமிடம், மணிக்கூடு எல்லாருக்கும் தெரியும்படி. எண்ணுவதற்கு ஒவ்வொரு வேட்பாளர் பக்கத்திலிருந்தும் ஒருவர். எங்கள் கூட்டத்தில் இந்த மூன்றும் இருந்தன, ஒரு சொல் தடிக்கவில்லை. தோற்ற பக்கத்தைச் சேர்ந்த தங்கச்சிதான் எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றினாள்.

போட்டியைப் பெரிதாக்கவேண்டும் என்பதற்காக, நீங்கள் விரும்பாத ஒருவரை முன்மொழியாதீர்கள். 2015இல் தேவைப்பட்டது 35 எம்.பி.க்கள், கோர்பினுக்குக் கிடைத்தது 36, அதுவும் நேரம் முடியச் சில நிமிடம் இருக்கும்போது. அவரை ஆதரிக்காத சிலர், விவாதம் அகலட்டும் என்று கையெழுத்திட்டார்கள். உறுப்பினர்களும் ஆதரவாளர்களும் சேர்ந்து 59.5 வீதம் கொடுத்து அவரைத் தலைவராக்கினார்கள். அவர் வந்தது பிழை என்று நான் சொல்லவில்லை. உறுப்பினர்கள் விரும்பினார்கள், வந்தார். ஆனால் ஒரு வருடத்துக்குள் அதே எம்.பி.க்கள் 172 க்கு 40 என்று நம்பிக்கையில்லை என்றார்கள். உறுப்பினர்களும் ஆதரவாளர்களும் 61.8 வீதத்தோடு அவரையே திரும்பவும் தலைவராக்கினார்கள். ஒரு கட்சிக்குள் இரண்டு கட்சி. கதவு தட்டப்போன எங்களிடம் சனம் கேட்டது, "உங்கட ஆக்களே நம்பாத ஆளை நாங்கள் ஏன் நம்பவேணும்?" என்றுதான். கையெழுத்து வைப்பவர் பிறகும் கூட நிற்பாரா என்று உங்கள் எம்.பி.யிடம் நேரே கேளுங்கள்.

கொன்சவேர்ட்டிவ் கட்சியும் 2024இல் 121 ஆசனத்துக்கு விழுந்த பிறகு இதற்குள் மாட்டுப்பட்டது. எம்.பி.க்களின் ஒரு சுற்றில் ஜேம்ஸ் கிளெவர்லி 39 வாக்கோடு முதலாவதாக வந்தார். அடுத்த நாள் கடைசிச் சுற்றில் 37 பெற்று வெளியே போனார். கெமி பேடனொக் 42, ரொபர்ட் ஜென்ரிக் 41. தங்கள் ஆள் எப்படியும் தேறுவார் என்று நினைத்து வேறொருவருக்கு வாக்கைக் கடன் கொடுத்து விளையாடினால் கணக்குப் பிழைக்கும்.

வேட்பாளரைக் கேட்கும்போது

மேடைப் பேச்சில் மயங்காமல் இருக்க ஒரே வழி, கொப்பியை மடியில் வைத்துக் கேட்பது. பருத்தித்துறை அம்மா இந்தப் பதிலைக் கேட்டிருந்தால் கதவை இன்னும் கொஞ்சம் திறந்திருப்பாரா? இதுதான் என் அளவுகோல். மண்டபத்தில் இருப்பவர்களின் கைதட்டலைக் கணக்கில் எடுக்காதீர்கள். அவர்கள் ஏற்கெனவே எங்களுக்குப் போட்டவர்கள்.

அடுத்தது, தோல்வியில் தன் பங்கைப் பற்றி என்ன சொல்கிறார். 2020இல் ரெபெக்கா லோங்-பெய்லி, கோர்பினுக்குத் தலைவராகப் பத்துக்குப் பத்து கொடுப்பேன் என்றார். விசுவாசத்தை நான் மதிக்கிறேன். ஆனால் என் 63 கதவுகளுக்கு அது பதிலல்ல. இன்னொரு வேட்பாளர் கெயர் ஸ்டார்மர், கட்சியில் ஐரோப்பா விவகாரத்துக்குப் பொறுப்பாக இருந்தவர். அந்த அம்மாவை முழிக்கவைத்த நிலைப்பாட்டில் அவருக்கும் பங்கு உண்டு. அதை அவர் போதிய அளவு திறந்து சொல்லவில்லை என்றே எனக்குப் பட்டது. மூன்றாவது வேட்பாளர், விகன் எம்.பி. லிசா நாண்டி, சின்ன நகரங்கள் ஏன் கைவிட்டன என்று தோல்விக்கு முன்னரே சொல்லிவந்தவர்.

வாக்குறுதிகளைக் கேட்டால், இதற்கு எவ்வளவு செலவு, யார் எதிர்ப்பார், எதிர்த்தால் என்ன செய்வார் என்று கேளுங்கள். ஸ்டார்மரின் பத்து வாக்குறுதிகளைப் பார்த்து எங்கள் கிளையில் பலர் மனம் மாறினார்கள். பல்கலைக்கழகக் கட்டணத்தை ஒழிப்பது அதில் ஒன்று. 2023இல் அதைக் கைவிட்டார்கள். அதற்காகவே அவருக்குப் போட்ட ஒரு மாணவன் கட்சியை விட்டே போய்விட்டான். அவனை நான்தான் சேர்த்தேன்.

1, 2, 3

எங்கள் ஆட்கள் இதில்தான் பிழை விடுகிறார்கள். ஊரில் பாராளுமன்றத் தேர்தலில் போடும் மூன்று விருப்பு வாக்கும் சரிசமம். முதலாவது, இரண்டாவது என்று இல்லை. இங்கே அப்படியல்ல. ஜனாதிபதித் தேர்தலைப்போல வரிசை. யாரும் பாதிக்கு மேல் எடுக்காவிட்டால் கடைசி ஆளைக் கழித்து, அவருக்கு 1 போட்டவர்களின் 2ஐ எடுத்து எண்ணுவார்கள். 2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் முதன்முறையாக இரண்டாம் விருப்பை எண்ணினார்களே, அதே யோசனை.

ஆகவே 1 மனதுக்குப் பிடித்தவருக்கு. வெல்லமாட்டார் என்று பயந்து மாற்ற வேண்டாம். அந்த வாக்கு வீணாகாது. 2 தான் யோசித்துப் போடவேண்டியது. 2010இல் முதல் எண்ணிக்கையில் டேவிட்தான் முன்னுக்கு. மற்றவர்களின் வாக்குகள் திரும்பித் தம்பியைத் தூக்கின. நான் 2020இல் நாண்டிக்கு 1, ஸ்டார்மருக்கு 2 போட்டேன். என் 2ஐ யாரும் பார்க்கத் தேவைப்படவில்லை. ஸ்டார்மர் 56.2 வீதத்தோடு முதல் எண்ணிக்கையிலேயே வென்றார், லோங்-பெய்லிக்கு 27.6, நாண்டிக்கு 16.2.

வாக்குச்சீட்டு மின்னஞ்சலில் வரும். குப்பைப் பெட்டியில் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். வயதானவர்களுக்குத் தாளில் வருகிறதா என்று கேளுங்கள். அவர்களுக்காக நீங்கள் அழுத்தக்கூடாது. பக்கத்தில் இருந்து எங்கே அழுத்துவது என்று காட்டலாம், அதற்குமேல் இல்லை.

முடிவு வந்த அன்று

2020 ஏப்ரல் 4, சனிக்கிழமை. கொரோனாவால் சிறப்பு மாநாடு இல்லை, மேடை இல்லை. வீட்டுக்குள் இருந்தபடி முடிவைப் பார்த்தோம். நான் முதலில் அழைத்தது தோற்ற பக்கத்துக்கு வேலை செய்தவர்களை. "என்ன நடந்தது" என்று கேட்காமல், "அடுத்த கிழமை நீங்கள் எந்தத் தெருவை எடுக்கிறீர்கள்?" என்று கேட்டேன். அப்போது கதவு தட்ட முடியாது. வெளியே போகமுடியாத முதியவர்களுக்குச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை இருந்தது. தேத்தண்ணி ஊற்றிய தங்கச்சி இரண்டு தெரு எடுத்தாள். பொல்லு ஊன்றி வந்த ஐயாவின் தெரு எனக்கு. அரிசிப் பையை வாசலில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று, "ஐயா, சந்தாப் படிவமும் உள்ளுக்க வச்சிருக்கிறன், நிரப்பித் தாங்கோ" என்றேன். யன்னலுக்குள் இருந்து தலையாட்டினார்.